துடைக்காமல் வைத்த கண்ணாடி

ஏப்ரல் 29, சனி

தேர்வு நேற்றோடு முடிந்தது. கணக்கில் மட்டும் சந்தேகம்.

இன்றுமுதல் இந்த நோட்டில் எழுதப் போகிறேன். காரணம் உண்டு. பதின்மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த எங்கள் ஊர் சிவகாமி டாக்கீஸை ஜூன் 4 அன்று மறுபடி திறக்கிறார்கள். அதற்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். மலருக்குத் தியேட்டரின் வரலாற்றை எழுத எங்கள் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு கோ. உலகம்மாள். நான்தான்.

தியேட்டரைக் கட்டியவரின் பேத்தி திலகா மேடம் பள்ளிக்கு வந்து என் கையைக் குலுக்கினார். "கோமதிநாயகம் அண்ணன் மகளா நீ?" என்று கேட்டார். அப்பா அங்கே பத்தொன்பது வருடம் ஆப்பரேட்டராக இருந்தவர். இப்போது உரக்கடையில் மூட்டை எடை போடுகிறார்.

வீட்டில் சொன்னேன். அம்மா "சரி" என்றாள். அப்பா செருப்பின் வார் அறுந்ததைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். "கேட்டுச்சு" என்றார்.

மே 2, செவ்வாய்

சான்று இல்லாமல் வரலாறு இல்லை என்று நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் இருந்தது. அதனால் நேரில் போய்ப் பார்த்தேன்.

1951இல் தகரக் கூரையோடு தொடங்கியது. அப்போது மணல் தரை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவுச் சுவர். பெண்களுக்குத் தனி வாசல், அதற்குத் தனி ஆள். படம் தொடங்கும் முன் ஒலிபெருக்கிக் குழாயில் சாமி பாட்டுப் போடுவார்களாம். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வயலில் களையெடுக்கிறவர்கள் கரையேறுவார்களாம். பூட்டிய பிறகு பருத்தி மூட்டை அடுக்கியிருந்தார்கள். இப்போது மூட்டையை எடுத்தாயிற்று. ஆனாலும் திரைக்குக் கீழே பஞ்சு உருண்டு உருண்டு கிடக்கிறது. மூன்றாவது தூணில் ஒரு புறாக்கூடு இருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை அந்தத் தூணுக்கு வெள்ளை அடிக்க வேண்டாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். இதை மலரில் எழுதலாம்.

மே 5, வெள்ளி

மேடம் பழைய ஆள் பதிவேட்டைக் கொடுத்தார். அதில் 2006ஆம் வருடப் பக்கத்தில் அவருடைய அப்பா கையெழுத்தில் ஒரு வரி: "மகளிர் வாயில் முத்துப்பேச்சி. அவசரத் தகவலை ஆப்பரேட்டர் அறைக்குச் சொல்ல மறந்த காரணத்தால் வேலையிலிருந்து நிறுத்தம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதல்லவா சான்று! முத்துப்பேச்சி அத்தை நாலு தெரு தள்ளி இருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் அவித்த கிழங்கு விற்பார். அம்மா அவரோடு பேசமாட்டாள். என்னையும் பேசவிட மாட்டாள். அவர் இருக்கிற தெரு வழியாகப் போனால் குழாயடி பக்கம். ஆனாலும் அம்மா குடத்தோடு சுற்றிக்கொண்டுதான் வருவாள். ஏனென்று எனக்குத் தெரியாது. பெரியவர்கள் சண்டை.

சாப்பிடும்போது அந்த வரியை வாசித்துக் காட்டி, மலரில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. நல்லா எழுது" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படிக் கேட்டதே இல்லை.

அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். வெயில் என்றார்.

மே 8, திங்கள்

இன்றும் டி.வி.யில் படம் முடிகிற நேரத்தில் அம்மா அரிசி களைய எழுந்து போய்விட்டாள். அம்மா முடிவுவரை பார்த்த படம் ஒன்றுகூட இல்லை. கேலி செய்தேன். "எல்லாம் ஒண்ணுபோலத்தான முடியும்" என்றாள்.

மே 11, வியாழன்

திலகா மேடம் வீட்டுக்கு வந்தார். தினசரிக் காட்சிக்குப் புது மெஷின் வந்துவிட்டதாம். திறப்பு நாள் மேட்னி மட்டும் பழைய மெஷினில், பழைய படச்சுருளைப் போட்டு ஓட்ட வேண்டும். அப்பாவைத் தவிர அதைத் தொடத் தெரிந்தவர் ஊரில் இல்லை. அப்பா கண் சரியில்லை என்றார், முதுகு என்றார், உரக்கடையில் விடமாட்டார்கள் என்றார். மேடம் மூன்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

கடைசியில் அம்மாதான் அடுக்களையிலிருந்து, "ஒரு நாள்தான, போயிட்டு வாங்க. புள்ள ஆசப்படுதா" என்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவரில் இருக்கும் அண்ணன் படத்தைப் பார்த்தார். சரி என்றார்.

அண்ணன் பெயர் குத்தாலிங்கம். நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, இரண்டு வயதில், காய்ச்சலில் இறந்துவிட்டான். படத்தில் கன்னத்தில் மையோடு பொம்மை டெலிபோனைப் பிடித்திருக்கிறான். நான் அவனைவிடப் பெரியவளாகி எத்தனையோ வருடமாயிற்று. ஆனாலும் அண்ணன் என்றுதான் சொல்கிறோம்.

மே 14, ஞாயிறு

இன்றைக்கு என் வாழ்க்கையிலேயே பெரிய கண்டுபிடிப்பு.

ஆப்பரேட்டர் அறையைக் கூட்டும்போது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே கண்ணாடிச் சிலைடுகள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். "நல்வரவு", "புகை பிடிக்காதீர்", ஜவுளிக்கடை விளம்பரம், பல்பொடி விளம்பரம். அடியில், மெஷின் விளக்குக்கான கார்பன் குச்சி வைக்கும் டப்பாவுக்குள் செய்தித்தாளில் சுற்றி ஒன்று தனியாக இருந்தது. கறுப்பு மை பூசிய கண்ணாடியில் ஊசியால் கீறிய எழுத்து. வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன்.

"கீழத்தெரு சண்முகவடிவு உடனே வெளியே வரவும்."

சண்முகவடிவு என் அம்மா! எழுத்து அப்பாவுடையது. 'ழ'வின் வாலை அப்பா அப்படித்தான் சுழிப்பார்.

அந்தக் காலத்தில் எல்லாரிடமும் கைப்பேசி கிடையாதே. படம் பார்க்கிற ஆளை யாராவது தேடி வந்தால், வாசல்காரரிடம் சொல்வார்கள். அவர் மாடிக்கு வந்து ஆப்பரேட்டரிடம் சொல்வார். ஆப்பரேட்டர் இப்படி எழுதித் திரையில் போடுவார். எங்கள் அப்பா அம்மாவின் பெயரைத் திரையில் போட்டிருக்கிறார்! அதைப் பத்திரமாக வைத்தும் இருக்கிறார்! சினிமாக்களில்கூட இப்படி வராது.

திறப்பு நாளில் பழைய சிலைடுகள் பத்தைத் திரையில் காட்டப் போகிறார்கள். இதைப் பத்தாவதாக வைக்கச் சொல்லி மேடத்திடம் கொடுத்துவிட்டேன். மேடம் கைதட்டினார். அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றைக்குத் தெரியட்டும்.

மே 16, செவ்வாய்

அப்பா இன்றுதான் மெஷினைத் துடைக்கப் போனார். சிலைடுப் பட்டியலை மேடம் அவரிடம் கொடுத்தார். பத்தாவதைக் காட்டி, "இது எங்க கெடந்துச்சு?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலியாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்த்துவிட்டேன்.

மே 20, சனி

கட்டுரை அச்சுக்குப் போயிற்று. நான்கு பக்கம். தலைப்பை ஆறு தடவை மாற்றினேன். மூன்றாம் பக்கத்தில் முத்துப்பேச்சி அத்தை பற்றிய வரியும் உண்டு. ஒரு மறதி ஒரு வேலையைப் பறித்தது என்று நானே ஒரு வாக்கியம் சேர்த்தேன். நன்றாக வந்திருக்கிறது.

மே 27, சனி

பழைய ஊழியர்களில் இருக்கிறவர்களை அழைக்க வேண்டும் என்று மேடம் முடிவு செய்திருக்கிறார். இருப்பது அப்பாவும் முத்துப்பேச்சி அத்தையும் மட்டும்தான். அழைப்பிதழை என்னிடம் கொடுத்து அனுப்பினார். வரலாற்றுக்காகத்தான் போனேன், அம்மா பேச்சை மீற அல்ல.

அத்தை கிழங்குச் சட்டிக்குப் பின்னால் இருந்தார். "வடிவு மவளா? ஒங்கம்மைக்குத் தெரியுமாட்டி நீ இங்க வந்தது?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப சீக்கிரம் பேசிட்டுச் சீக்கிரம் போ" என்று சிரித்து, ஒரு கிழங்கைத் தோலுரித்துக் கொடுத்தார்.

அன்றைக்குப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க வேண்டும் என்று சொன்னேன். முகம் மலர்ந்தது. வேலையைப் பற்றி நிறையச் சொன்னார். ஒரு சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்ததை, பிள்ளைக்குத் தொட்டில் கட்டித் தூணில் மாட்டியதை எல்லாம் எழுதிக்கொண்டேன். ஆள் கூப்பிடும் சிலைடுகளைப் பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் மிஞ்சாதுட்டி. நாலே நாலு கண்ணாடிதான் இருந்துச்சு. ஆளு வெளிய வந்ததும் மையத் தொடச்சிட்டு அடுத்த ஆளுக்கு எழுதணும். தொடைக்காம ஒருநாளும் வைக்க மாட்டாரு ஒங்கப்பா."

ஒன்று இருக்கிறது, அம்மா பெயர் போட்டது என்றேன்.

அத்தையின் கை சட்டி மூடியிலேயே நின்றது. வேறு யாரிடம் காட்டினாய் என்று கேட்டார். பத்தாவது சிலைடு என்று சொன்னேன். வேண்டாம், அதைத் திருப்பி வாங்கு என்றார். ஏன் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். நான் நகரவில்லை. இப்போது நகர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

2006இல் ஒரு மேட்னி. அண்ணனுக்கு லேசான காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, பக்கத்து வீட்டு இசக்கியிடம் விட்டுவிட்டு அம்மா படத்துக்கு வந்திருக்கிறாள். ஐந்து மணி அளவில் அவனுக்கு வெட்டு வந்து கை கால் இழுத்துவிட்டது. இசக்கி அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓட, அவள் புருஷன் தியேட்டருக்கு ஓடி வந்தார். அத்தை உடனே மாடிக்குப் போய் அப்பாவிடம் சொன்னார். பிள்ளைக்கு முடியவில்லையாம், வடிவை வரச் சொல்கிறார்கள் என்று. "போடுதேன், நீ போ" என்றாராம் அப்பா.

திரையில் ஒன்றும் வரவில்லை. ஐந்து பத்து பஸ் தென்காசிக்குக் கிளம்பிவிட்டது. படம் முடிந்துதான் அம்மா வெளியே வந்தாள். அடுத்த பஸ்ஸில் போனாள். அண்ணனுக்கு முதல் பஸ்ஸிலேயே, இசக்கி மடியில், உயிர் போய்விட்டது.

ஏன் சிலைடு போடவில்லை என்று அம்மா எல்லாருக்கும் முன்னால் கேட்டபோது அப்பா வாயைத் திறக்கவில்லை. அத்தை சொல்லியிருக்கிறார்: நான்தான் மாடிக்குப் போக மறந்துவிட்டேன்.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"ஒரு வீட்டுல ஒரு சாவு போதும்னு தோணுச்சுட்டி."

கிழங்கு இன்னும் என் கையில் இருந்தது.

மே 28, ஞாயிறு

குடங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். குழாயடிக்கு நான்தான் போனேன். சுற்றிக்கொண்டு போனேன்.

மே 30, செவ்வாய்

உரக்கடைக்கு அப்பாவின் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். கடையில் யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

அப்பா தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணாவது தூணுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா. மேல ஓட்டை வழியாப் பாத்தாத் தெரியும். புள்ள பெறந்து ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் படத்துக்கு வந்திருந்தா. முடியப் பன்னெண்டு நிமிசம் இருந்துச்சு. அழுதுக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும் இருந்தா. கண்ணாடியில எழுதிட்டேன். கையில எடுத்துட்டேன். முடிவ மட்டும் பாத்துட்டுப் போட்டுமேன்னு வச்சிட்டேன், தாயி. காய்ச்சல்னுதான நெனச்சேன்."

சோற்றுத்தூக்கைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு, "அந்தக் கண்ணாடியக் குடுங்கப்பா. நான் ஒடச்சுப் போட்டுருதேன். மேடத்துக்கிட்டக் கை தவறிட்டுன்னு சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"பதினேழு வருசமா என்னால ஒடைக்க முடியல."

"அம்மா பாத்தா என்னாகும்?"

அப்பா சோற்றுத்தூக்கைத் திறந்தார். மூடினார். "அவ வருவாளா?" என்று கேட்டார். எதற்காகக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. வரமாட்டாள் என்று சொன்னேன். அதுதான் உண்மை என்று நினைத்தேன்.

ஜூன் 1, வியாழன்

மலர் அச்சாகி வந்துவிட்டது. முந்நூறு. அட்டையில் என் பெயர் இல்லை, உள்ளே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

கட்டுரையின் ஒரு பகுதியை நான் மேடையில் வாசிக்க வேண்டுமாம். அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பீரோவிலிருந்து அரக்குச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். தியேட்டருக்குள் போகவே மாட்டேன் என்றவள். "ஒனக்காகத்தான்" என்கிறாள்.

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

ஜூன் 3, சனி

பட்டியலிலிருந்து பத்தாவதை எடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். எங்கே வைத்தார் என்று கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டார்.

புறாக்குஞ்சு பறந்துவிட்டது. தூணுக்கு அவசர அவசரமாக வெள்ளை அடித்தார்கள்.

ஜூன் 5, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கே புரியாமல் போகும்.

பகல் இரண்டரைக்குத் தொடக்கம். ஊரே வந்திருந்தது. இருக்கைகள் புதிது, நடுச்சுவர் இல்லை, ஆனாலும் பெண்கள் எல்லாரும் பழையபடி இடது பக்கமே போய் உட்கார்ந்தார்கள். பெண்கள் வாசலில் முத்துப்பேச்சி அத்தை ஸ்டூலில் இருந்தார். அம்மா அவரிடம் டிக்கெட்டை நீட்டவில்லை. என்னிடம் கொடுத்து நீட்டச் சொன்னாள். அத்தை கிழித்த பாதியை என் கையில் தந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நான் மேடையில் வாசித்தேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் இரண்டு வரியைத் தாண்டி வாசித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

ஒன்பது சிலைடுகள் வந்தன. பல்பொடிக்கு விசில் பறந்தது. பத்தாவது வரவில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு படம். கறுப்பு வெள்ளை. அம்மா மூன்றாவது தூணின் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளாகத்தான் அங்கே போனாள். புது வெள்ளை ஒட்டும் என்று சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படம் முடியப் போகிற நேரம். இப்போது எழுந்து போவாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. அப்போது படம் நின்றது. இருட்டு. பின்பு வெளிச்சம்.

"கீழத்தெரு சண்முகவடிவு உடனே வெளியே வரவும்."

ஜனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். பின்னாலிருந்த ஒருத்தி, "ஏளா வடிவு, ஒன்னயத்தான். புருசன் கூப்பிடுதாரு பாரு" என்று அம்மாவின் தோளைத் தட்டினாள்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, மேலே, அந்த ஓட்டையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து, இரண்டு பேரைத் தாண்டி, வாசலை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அத்தை ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க மறக்கல, என்ன மைனி?"

அத்தை தலையை ஆட்டினார். இல்லை என்றும் இல்லாமல், ஆமாம் என்றும் இல்லாமல்.

"மாடிக்குப் போனீங்க."

"போனேன், வடிவு."

அம்மா அழவில்லை. எதிரே ரோட்டைப் பார்த்தாள். மணி ஐந்து பத்து தாண்டியிருந்தது. நிறுத்தத்தில் கிளம்பிய தென்காசி பஸ் தியேட்டரைத் தாண்டித்தான் போகும். அம்மா கையைக் காட்டினாள். பஸ் நின்றது. "வாங்க மைனி" என்றாள். அத்தை ஏன் என்று கேட்கவில்லை. டிக்கெட்டின் கிழித்த பாதிகளை மடியில் கட்டியபடியே ஏறினார். நானும் ஏறினேன்.

மூன்று பேர் சீட்டு. அம்மா ஜன்னல் ஓரம். தன் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். தண்ணீர்ப் பாட்டிலையும் என்னிடம் கொடுத்தாள். தன் மடியில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. சேலையை நீவி, இரண்டு கைகளையும் மடியின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள். தென்காசி வரைக்கும் அப்படியே இருந்தாள்.

கண்டக்டர் "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று குரல் கொடுத்தார். யாரோ ஒருவர் இறங்கினார். நாங்கள் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு போய், அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தோம்.

ஜூன் 6, செவ்வாய்

அம்மா குழாயடிக்கு நேர்வழியில் போனாள்.

ஜூன் 8, வியாழன்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி அச்சடிக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்று மீதி மலர்களைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் அந்த இரண்டு வரிகளையும் ஸ்கேல் வைத்து அடித்து, மேலே "தகவலை உடனே சொன்னார்" என்று எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

அப்பா வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

அம்மா தலை நிமிராமல், அடித்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் படம் எப்படி முடிஞ்சதுன்னு நானும் எத்தனையோ நாளு நெனச்சுப் பாத்திருக்கேன். ஒண்ணும் ஞாபகமில்ல."

அப்பா அங்கேயே நின்றார். அப்புறம் எத்தனை மலர் ஊருக்குள் போயிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். எண்பத்தாறு என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீடு வீடாகப் போய், ஏன் திருப்பிக் கேட்கிறார் என்பதையும் சொல்லி, வாங்கி வருகிறார். பொழுது சாய்வதற்குள் முப்பத்தொன்று வந்துவிட்டது.

அம்மா அவருக்குச் சோற்றை எடுத்து மூடி வைத்தாள். அவர் சாப்பிடும்போது அடுக்களையில் இல்லை. என்னோடு உட்கார்ந்து அந்த முப்பத்தொன்றையும் திருத்தினாள்.